வள்ளிக்கொடி வண்டின் ஆண்

ஆண் வண்டு கிடைக்காத வரைக்கும் இதற்குப் பெயர் வைக்க முடியாது என்று டாக்டர் ரொஸ்னா ஒரே போடாகப் போட்டுவிட்டார். தாமரைக்கு அது தெரியாத விஷயம் அல்ல. பல்கலைக்கழகத்துப் பூச்சிச் சேகரிப்பில் ஊசி குத்தியும் லேபல் ஒட்டியும் பெட்டி அடுக்கியுமே அவள் காலம் போயிருக்கிறது. ஆனாலும் மேலே இருப்பவர் வாய்விட்டுச் சொன்னால் அது தீர்ப்பு மாதிரி ஆகிவிடுகிறது.

சிவப்பு இலைவண்டுகள் பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். விரல் நகத்தில் பாதி அளவு, மெழுகு தேய்த்த மாதிரி சிவப்பு முதுகு, கறுப்புக் கால்கள். தாமரை கண்டெடுத்த வண்டு ஏற்கெனவே பெயர் வைத்த இரண்டு இனங்களோடு ஒத்துப்போனது. ஆனால் முழுதாக ஒத்துப்போகவில்லை. கழுத்துக் குழி கொஞ்சம் ஆழம். முதுகில் ஓடும் புள்ளி வரிசை பாதி வழியில் நின்றுபோகிறது. இதை மட்டும் நம்பிப் புது இனம் என்று எழுதினால், எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவர், ‘இடத்துக்கு இடம் இப்படி மாறும்’ என்று ஒரு வரியில் குப்பையில் போட்டுவிடுவார். இந்த வகை வண்டுகளில் இனத்தைப் பிரித்துக் காட்டுவது ஆணின் வயிற்றுக்குள் மடங்கிக் கிடக்கும் உறுப்புதான். வளைந்த ஒரு சின்னக் குழாய். அதன் நுனி ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வொரு வடிவம். அதை வரைந்து காட்டினால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

தாமரையிடம் இருந்ததோ ஒரு பெட்டி நிறையப் பெண்கள்.

வண்டு கிடைத்தது பிரிக்ஃபீல்ட்ஸில். கிளாங்கிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் வந்து கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி எல்ஆர்டி ரயிலுக்கு மாறுவது அவளுடைய தினப்படி வழி. ஒருநாள் திரும்பும்போது புருஷனுக்கு உப்பில்லாத தோசை தாப்பாவ் கட்டி வாங்க வெளியே போனவள், பழைய ஃபிளாட் ஒன்றின் பின்பக்கம் ரயில் வேலி ஓரமாகக் குறுக்கே நடந்தாள். வேலி முழுக்கக் காட்டு வள்ளிக்கொடி. கொடியிலேயே உருளைக்கிழங்கு மாதிரி காய் தொங்கும் ஜாதி. இலைகளில் ஓட்டை ஓட்டையாக இருந்தது. ஓட்டையைப் பார்த்தால் அடியில் திருப்பிப் பார்ப்பது அவளுக்குக் கைப்பழக்கம். திருப்பினாள். சிவப்பாக ஒன்று உட்கார்ந்திருந்தது. பிடித்தாள். அது கீச்சென்றது.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் அந்த வேலிதான். கிடைத்ததெல்லாம் பெண். ஆண்கள் வேறு மாதத்தில் வரலாம், உயரத்தில் இருக்கலாம், எண்ணிக்கையில் குறைவாக இருக்கலாம். சேகரிப்பு வேலையில் இருப்பவர்களுக்கு இப்படி ஆறுதல் சொல்லிக்கொள்ளத் தெரியும். அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் நீலத் தகரம் அடிக்க ஆரம்பித்தார்கள். முப்பது மாடி வரப்போகிறதாம். தகரம் தன் பக்கம் நகர்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், ஒருநாள் கொடியிலிருந்த புழுக்களையெல்லாம் இலையோடு பறித்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வளர்த்தால் ஏதாவது ஒன்று ஆணாக வராமலா போகும்?

“இத யாரு பாத்துக்கறது?” என்றான் புருஷன் யுகேந்திரன். “காலைல போனா வெளக்கு வைக்கத்தான் நீ வர்ற.”

“லேப்ல ஏர்கோன்ல செத்துப்போகும்ங்க.”

“சரி வை. லோரி ஓட்டுனவன் புழு மேய்க்கறேன்.”

போர்ட் கிளாங்கில் கண்டெய்னர் லோரி ஓட்டியவன் அவன். சர்க்கரை சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. இப்போது வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். ஊசி குத்தும் இடது கையால் கனமாக எதையும் தூக்கக் கூடாது. தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். டயாலிசிஸ் முடிந்து வந்தால் அன்றைய மிச்சப் பொழுது அவனுடையதல்ல. பிரஷர் இறங்கி, கண் இருட்டி, சோபாவில் துணி போட்ட மாதிரி கிடப்பான். மற்ற நாட்களில் வீட்டைச் சுற்றி வருவான். குழாயைப் பார்ப்பான், பூட்டுக்கு எண்ணெய் விடுவான், பார்த்த குழாயையே மறுபடி பார்ப்பான். வேலை செய்த ஆளுக்கு வேலை இல்லாமல் போவது எப்படி இருக்கும் என்று அவன் சொன்னதில்லை. தாமரை கேட்டதுமில்லை.

ஒரு போத்தலுக்கு ஒரு புழு என்று அவள் கண்டிப்பாகச் சொன்னாள். எந்தப் புழுவிலிருந்து எந்த வண்டு வந்தது என்று பிறகு சந்தேகம் வரக் கூடாது. யுகேந்திரன் அக்கம்பக்கத்தில் காலி போத்தல் கேட்டு வாங்கிவந்தான். ஜாம் போத்தல், ஹார்லிக்ஸ் போத்தல், பக்கத்து வீட்டு இராஜம்மா அக்கா கொடுத்த ஊறுகாய்ப் போத்தல். எல்லாவற்றையும் கழுவி வெயிலில் காய வைத்து, அடியில் ஈர மண் போட்டு, மூடிகளில் சன்னமாக ஓட்டை போட்டு, சாப்பாட்டு மேசையில் வரிசை கட்டினான். வேலியிலிருந்து கொண்டுவந்த காய் ஒன்றைத் தொட்டியில் நட்டு, போர்ச் கம்பியில் கொடி ஏற்றினான். அவர்கள் இருவரும் இனித் தொலைக்காட்சி முன் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

“முதுகுல என்னா இது, சேறு மாதிரி?”

“அதோட பீதான். எறும்பு கிட்ட வராம இருக்க மேல பூசிக்கும்.”

“நல்ல ஐடியா. உங்க பெரியம்மா வர்றப்போ நானும் பூசிக்கறேன்.”

புழுக்கள் தின்று கொழுத்து மண்ணுக்குள் இறங்கின. வாயால் நுரை கக்கி, வெள்ளையாகக் கூடு கட்டிக்கொண்டன. அந்த நாட்களில் யுகேந்திரன் அவள் வேலையிடத்துக்குப் போன் போட்டு, “ஒன்னும் வரல” என்று தகவல் சொல்வான். அவள், “வராதுங்க, இன்னும் நாள் இருக்கு” என்பாள். மறுநாளும் அழைப்பான். முதல் வண்டு வெளியே வந்த அன்று அவள் வீடு திரும்பியபோது, அதை உள்ளங்கையில் மூடிக் காதோரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“கத்துது.”

“கத்தல் இல்லங்க. வயித்து நுனிய றெக்கையில தேய்க்குது.”

“நீ கேளு. கத்துதுலா.”

வந்த வண்டுகளை அவள் ஒவ்வொன்றாக எடுத்துப்போய் மருந்து போத்தலில் போட்டுக் கொன்று வயிற்றைப் பிரித்தாள். பெண். பெண். இன்னொரு பெண். காலியான போத்தல்களில் வேலியிலிருந்து புதுப் புழுக்கள் குடியேறின.

“ஆணா பொண்ணான்னு பாக்க கொல்லணுமா?” என்றான் அவன். “ஸ்கேன் கீன் ஒன்னும் இல்லயா?”

“அரிசி அளவுக்கு ஸ்கேன் யாரு வச்சிருக்கா?”

அவன் ஊறுகாய்ப் போத்தலைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான். “இத மட்டும் விட்ரு தாமர. இதுவும் பொண்ணாத்தான் இருக்கும். இருந்துட்டு போகட்டும்.”

நோய் வந்ததிலிருந்து அவன் அவளிடம் எதையும் கேட்டதில்லை. தாகம் எடுத்தால்கூடக் கேட்க மாட்டான். ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். அவள் விட்டுவிட்டாள். பரம்பரை வழியாக வந்த பிடிவாதம் எதுவும் அவளிடம் கிடையாது. ஒரு பெண் வண்டு குறைந்தால் குடி முழுகாது.

இடையில் ஒரு சின்னச் சம்பவம். ஒரு ஜாம் போத்தலில் கூடு பிரிந்திருந்தது, உள்ளே எதுவும் இல்லை. மூடி ஒழுங்காகப் பொருந்தாததால் வண்டு பறந்திருக்கும். யுகேந்திரன் இரண்டு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தான். “போனா போகுது, விடுங்க” என்றாள் தாமரை. அப்போது அது பெரிய விஷயமாகப் படவில்லை.

பெரிய விஷயமானது அந்த வெள்ளிக்கிழமைதான்.

அவள் சாயங்காலம் வந்து கேட்டைத் திறக்கும்போதே அவன் வாசலில் நின்றிருந்தான். வாயை மூடிக்கொண்டு சிரித்தான். கையைப் பிடித்து மேசைக்கு இழுத்துக்கொண்டு போனான். ஊறுகாய்ப் போத்தலில் வண்டு இலையின் மேல் உட்கார்ந்திருந்தது. இலையின் அடியில், பொட்டுப் பொட்டாக, மஞ்சள் புழுக்கள். அப்போதே முதுகில் பீயைச் சுமந்துகொண்டு வரிசையாக இலையைச் சுரண்டிக்கொண்டிருந்தன.

“முட்ட போட்டத ஒங்கிட்ட சொல்லல. பொரிக்கட்டும்னு இருந்தேன். எப்படி?” என்றான்.

தாமரை குனிந்து பார்த்தாள். வெறும் முட்டை என்றால் அது ஒரு செய்தியே அல்ல. சேராத பெண்ணும் முட்டையிடும், அது வற்றிப் போகும். இது பொரித்திருக்கிறது. பொரித்தால் ஆண் சேர்ந்திருக்கிறது. ஆண் இந்த வீட்டில் இருந்திருக்கிறது. அவள் மாதக்கணக்கில் தேடிய ஆண், அவள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்ட அறையில்.

“ஆண் எங்க?” என்றாள்.

“என்னா ஆண்?”

“இது தனியாதான இருந்துச்சு? உள்ள வேற எது வந்துச்சு? யோசிச்சு சொல்லுங்க.”

“ஒன்னும் வரலயே.”

“அந்தக் காலி ஜாம் போத்தல். அது பறந்தது எப்போ? அன்னைக்கு இந்தப் போத்தல தொறந்தீங்களா?”

அவன் முகத்தில் சிரிப்பு இன்னும் முழுதாக இறங்கவில்லை. “எலை மாத்துறதுக்கு தொறப்பேன். தினம் தொறப்பேன்.”

“தொறந்து அப்படியே வச்சீங்களா?”

“அன்னைக்கு டயாலிசிஸ்மா. வந்து எல்லாத்துக்கும் எலை போட்டேன். தல சுத்துச்சு. கொஞ்சம் படுத்தேன்.” நெற்றியைத் தேய்த்தான். “மூடி… மேசையில இருந்துச்சு. எழுந்து பாக்கறப்போ மூடி மேசையில இருந்துச்சுன்னு நெனைக்கிறேன்.”

“எவ்ளோ நேரம் தூங்குனீங்க?”

“தெரியல.”

“அப்போ ஆண் வந்து சேந்துட்டு போயிருச்சு. ஜன்னல் தொறந்து கெடந்துருக்கும். போயிருச்சு.”

“இருக்கலாம்,” என்றான் அவன். பிறகு, “ஆமா. நான்தான்,” என்றான்.

“ஒங்ககிட்ட குடுத்தது ஒரே ஒரு வேல,” என்றாள் தாமரை.

சொல்லி முடித்தபோதே தெரிந்தது, இது வண்டைப் பற்றிய பேச்சாக அவன் காதில் விழாது என்று. ஆனால் வாயிலிருந்து போனதை எந்தப் போத்தலில் அடைப்பது? அவன் தலையாட்டினான். “சோறு வச்சிருக்கேன், சாப்புடு,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

சனிக்கிழமை அவன் டயாலிசிஸ் போய்விட்டு மதியம் திரும்பினான். வழக்கமாக சோபாவில் விழுகிறவன் அன்று விழவில்லை. கையில் கட்டோடு தரையில் மண்டியிட்டு, டிவி அலமாரிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். குளிர்பெட்டிக்குப் பின்னால் பார்த்தான். திரைச்சீலை மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்தான். டார்ச்சோடு அவன் வெளியே வந்தபோது, பக்கத்து வீட்டு வேலியோரம் துணி காயப்போட்ட இராஜம்மா அக்கா என்ன தேடுகிறான் என்று கேட்டார்.

“ஆம்பள வண்டுக்கா. செவப்பா இருக்கும். உங்க பக்கம் வந்துச்சா?”

“ஆம்பளைய எங்க வீட்டுப் பக்கம் தேடாத தம்பி. இருந்த ஒருத்தனே ஓடிப்போயிட்டான்.”

அவன் சிரிக்கவில்லை. தாமரை அதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எழுந்து போய், போதும் வாங்க என்று சொல்லியிருக்கலாம். அவள் கோபம் இன்னும் ஆறியிருக்கவில்லை. அவன் தேடினால் கிடைத்தாலும் கிடைக்கும் என்று ஒரு நப்பாசையும் இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது அவன் தட்டைப் பார்த்தபடி சொன்னான்: “போத்தல் எல்லாத்தையும் நீ லேப்புக்கே கொண்டு போயிரு. எனக்கு இப்பல்லாம் மண்ட சரியில்ல. கேஸ் அடுப்பக்கூட ரெண்டு வாட்டி போய் பாக்கறேன்.”

“பாக்கலாம்,” என்றாள்.

திங்கட்கிழமை காலை, அவன் டயாலிசிஸுக்குக் கிளம்பிய பிறகு, அவள் ஊறுகாய்ப் போத்தலின் தாய் வண்டை மட்டும் ஒரு சின்னக் குப்பியில் போட்டு எடுத்துக்கொண்டாள். குட்டிகளை இலையோடு அப்படியே விட்டாள்.

டாக்டர் ரொஸ்னா மேசையில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டார். குள்ளமான, குரல் உயர்த்தாத மனுஷி. கேட்டுவிட்டு மலாயில், “ஆண் போனால் போகட்டும். இந்தப் பெண்ணிடம் அவன் விட்டுப்போனது இருக்குமே,” என்றார். சேர்ந்த பெண் ஆணின் விந்தை ஒரு சின்னப் பையில் சேமித்து வைத்துக்கொள்ளும். அதை உயிரோடு இருக்கும்போதே எடுத்துப் பார்த்தால், ஆண் என்று ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது என்றாவது எழுதலாம்.

தாமரை அந்தப் பையை நூறு தடவையாவது பார்த்திருக்கிறாள். கொக்கி மாதிரி வளைந்த சின்னப் பை; பெண்ணில் வரைவதற்கு இருப்பதே அது ஒன்றுதான். ஆனால் அவள் பார்த்ததெல்லாம் காரக் கரைசலில் ஊறவைத்த பிறகு. வண்டின் வயிற்றை அறுத்துக் கரைசலில் போட்டு வைத்தால், சதையும் கொழுப்பும் கரைந்து, ஓடு மட்டும் கண்ணாடி மாதிரி சுத்தமாக மிஞ்சும். அப்போதுதான் வடிவம் தெரியும். அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அப்படித்தான், அவள் பிறகு வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அப்படித்தான்.

இந்தத் தடவை கரைசல் இல்லை. உப்பு நீர் மட்டும். இடுக்கியால் எடுத்தபோது வண்டு கீச்சென்றது. அவள் ஒரு நிமிஷம் கையை அப்படியே வைத்திருந்தாள். பிறகு செய்ய வேண்டியதைச் செய்தாள்.

வயிறு நிறைய முட்டைகள், மஞ்சளாக, திரட்சியாக. பையைப் பிரித்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். நூல் கற்றை மாதிரி ஒன்று உள்ளே சுருண்டு நெளிய வேண்டும். ஒன்றும் இல்லை. பை காலி. விளக்கைக் கூட்டினாள், குறைத்தாள், தகட்டைத் திருப்பினாள். கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி காலி.

முட்டை பொரிந்திருக்கிறது. பை காலியாக இருக்கிறது.

சனிக்கிழமை வேலியிலிருந்து அவளுடைய சக ஊழியர் எடுத்து வந்து குளிரில் வைத்திருந்த வண்டுகள் சில உயிரோடு இருந்தன. ஒவ்வொன்றாக உப்பு நீரில் பிரித்தாள். வயசான, கால் நகம் தேய்ந்த, பல தடவை முட்டையிட்ட பெண்கள். அத்தனைக்கும் பை காலி. தாமரை நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள். இத்தனை நாளும் அவள் கரைசலில் போட்டுக் கரைத்தது எதை என்று நினைத்துப் பார்த்தாள். எதையும் இல்லை. கரைக்க அங்கே ஒன்றுமே இருந்ததில்லை. சுத்தமாக்கிப் பார்க்கும் பழக்கத்தில், அது முன்பே சுத்தமாக இருந்தது அவள் கண்ணில் படவில்லை.

டாக்டர் ரொஸ்னாவும் வந்து கண்ணை வைத்துப் பார்த்தார். நீண்ட நேரம் எடுக்கவில்லை.

“ஆணே இல்லாமல் பெண்ணே பெண்ணைப் பெறுகிறதா?” என்றார். “இலைவண்டுகளில் அங்கொன்று இங்கொன்றாக அப்படி உண்டு.”

“அப்படின்னா நாங்க தேடினது…”

“இல்லாததை.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆனால் தாமரை, இது போதாது. இப்போதுதான் கூட்டிலிருந்து வரும் வண்டைத் தனியாக அடைத்து, அதன் குட்டியைத் தனியாக அடைத்து, இரண்டு தலைமுறை காட்ட வேண்டும். காட்டிவிட்டால் ஆண் இல்லாமலே பெயர் வைக்கலாம். இங்கே, பூட்டிய அறையில், நீயே செய். வீட்டில் வளர்த்தது என்றால் கேள்வி கேட்பார்கள்.”

“பாதி இங்க. பாதி வீட்ல,” என்றாள் தாமரை. “வீட்ல அவரு வளர்ப்பாரு. கட்டுரையில அவரு பேரு போட்டு, இவரு வளர்த்ததுன்னு எழுதுங்க. கேட்டா கேட்கட்டும்.”

ரொஸ்னா அவளை ஒரு பார்வை பார்த்தார். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் மாட்டேன் என்றால் சொல்லிவிடக்கூடியவர்.

திரும்பும் வழியில் கேஎல் சென்ட்ரலில் இறங்கி வேலிப் பக்கம் போனாள். வேலி இல்லை. கொடி இல்லை. சிவப்பு மண் புரட்டிக் கிடந்தது. பச்சை இலை என்று ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் வழித்திருந்தார்கள். தகரத்தோரம் நாற்காலி போட்டிருந்த காவலாளி எழுந்து வந்தார்.

“என்னாக்கா, எதாச்சும் தொலச்சிட்டீங்களா?”

“இல்லண்ணே. வீட்ல இருக்கு,” என்றாள்.

வீட்டில் போர்ச்சில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. போத்தல்கள் எல்லாம் உடையாமலிருக்க நாளிதழ் சுற்றி அடுக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் யுகேந்திரன், கையில் கட்டோடு, டயாலிசிஸ் முடிந்த வெளுப்போடு உட்கார்ந்திருந்தான். உள்ளே, சாப்பாட்டு மேசை துடைத்து வெறுமையாக இருந்தது.

“நாளைக்கு பக்கத்துத் தெரு மார்வின் வேன் ஒங்க லேப் பக்கம் போகுதாம். ஏத்தி விட்டுடறேன்,” என்றான். “ஊறுகாய்ப் போத்தல்ல பெருசு இல்ல. அதயும் விட்டுட்டேன் போல.”

“இல்லங்க. நான்தான் கொண்டு போனேன்.”

“எங்க அது?”

“அறுத்துட்டேன்.”

அவன் தரையைப் பார்த்தான். “கத்துச்சா?”

“கத்துச்சு.”

“ம்.”

தாமரை செருப்பைக் கழற்றிவிட்டு, அவன் காலருகே படியில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கத் தெரிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். “உள்ள எந்த ஆணும் வரல. ஆணே கெடையாதுங்க இதுக்கு. பொண்ணே தனியா முட்ட போடும், தனியா பொரிக்கும். எல்லாம் பொண்ணு. நான் சொன்னது தப்பு. நீங்க ஒன்னும் பண்ணல.”

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். “அப்போ ரெண்டு நாளா அலமாரிக்கு அடியில நான் எத தேடுனேன்?”

“நான் ஒரு வருஷமா தேடுனததான்.”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சத்தமில்லாத, தோள் மட்டும் குலுங்கும் சிரிப்பு. தாமரை அதைப் பார்த்து எத்தனையோ நாளாகிறது.

“பேரு வைக்கலாம்னு சொல்லிட்டாங்களா?”

“வைக்கலாம். இன்னும் ரெண்டு தலமொற வளத்து காட்டணும்.” அவள் அவனைப் பார்த்தாள். “ஒங்க பேர வைக்கட்டுமா?”

“ஆம்பளையே இல்லாத வண்டுக்கு எம்பேரா? வேணாம்மா. டயாலிசிஸ் சென்டர்ல பக்கத்து பெட்டுக்காரன் ஏற்கெனவே வாய் சும்மா இருக்க மாட்டான்.”

“அப்போ வேற யோசிப்போம்.”

சிரிப்பு அடங்கியது. அவன் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து, மற்றக் கையால் அதைத் தடவிக்கொண்டிருந்தான். “ஆனா தாமர, நான் மூடிய தொறந்து வச்சேன். நீ மெரட்டுனதால சொல்லல. எனக்கு நெஜமாவே ஞாபகம் இருக்கு. மூடி மேசையில கெடந்துச்சு. அத பாத்தேன்.” அவன் குரல் தணிந்தது. “இல்ல, பாக்கலயா? எது நெஜம்னே தெரியலமா.”

 அந்தப் பகல் எப்படி இருந்தது என்று அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஜாம் போத்தலில் இருந்து போனது எங்கே போனது என்றும் தெரியாது. அதுவும் பெண்ணாகத்தான் இருந்திருக்கும்.

“தொறந்தே வச்சிருக்கலாம்,” என்றாள். “தல சுத்துனா யாரும் தொறந்துதான் வைப்பாங்க. வச்சா என்னா? உள்ள வர்றதுக்கு ஒருத்தன் இருந்தாத்தான? நாள் முழுக்க தொறந்து வச்சிருந்தாலும் அந்தக் குட்டிங்க அப்படியேதான் பொறந்திருக்கும்.”

 அவள் அவன் முழங்காலில் கையை வைத்தாள். தெருவில் ஐஸ்கிரீம்காரன் மணியடித்துக்கொண்டு போனான்.

“பிரிக்ஃபீல்ட்ஸ்ல எல்லாத்தயும் வழிச்சிட்டாங்க,” என்றாள் பிறகு. “கொடி மொத்தமா போயிருச்சு. வெளிய இருந்ததெல்லாம் செத்திருக்கும். இப்போதைக்கு நமக்குத் தெரிஞ்சு இந்தப் பெட்டியில இருக்கறதுதான் மிச்சம்.”

யுகேந்திரன் அட்டைப்பெட்டியைப் பார்த்தான். “இத மார்வின் வேன்லயா அனுப்பப் பாத்தேன்? அவன் மேடு பள்ளம் பாக்காம ஓட்டுவானே.”

“பாதிய நாளைக்கு நான் மடியில வச்சு கொண்டு போறேன். பாதி இங்க.”

“யாரு பாத்துப்பா?”

“வேற யாரு?”

அவன் எழுந்தான். கொஞ்சம் ஆடினான், அவள் பிடிக்கப் போனாள், அதற்குள் சுவரைப் பிடித்து நின்றுகொண்டான். பெட்டியை ஒரு பக்கம் அவனும் ஒரு பக்கம் அவளுமாகத் தூக்கி மேசையில் வைத்தார்கள். நாளிதழைப் பிரித்துப் போத்தல்களை எடுத்தார்கள். ஊறுகாய்ப் போத்தலில் குட்டிகள் இலையை நரம்பு மட்டும் மிஞ்சும்படி தின்று தீர்த்திருந்தன.

“பட்டினி போட்டுட்டேன் பாரு,” என்று போர்ச்சுக்குப் போனான். அங்கிருந்த கொடியில் இலை அதிகம் இல்லை. இனி அது மட்டும்தான். கொஞ்ச நேரம் நின்று யோசித்து, அடியில் முற்றிய இலையாகப் பார்த்து இரண்டு மட்டும் வெட்டினான். மேசையில் வைத்துக் கத்தரிக்கோலால் உள்ளங்கையில் பாதியளவுத் துண்டுகளாகப் பங்கு போட்டான். தாமரை பழைய இலையை எடுத்து, குட்டிகளைத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகப் புது இலைக்கு மாற்றினாள். அவை இறங்கிய கையோடு தின்ன ஆரம்பித்தன.

மூடி அவள் பக்கத்தில் இருந்தது. அவன் போத்தலை அவளிடம் நகர்த்தினான். “நீ மூடிரு.”

“நீங்களே மூடுங்க,” என்றாள் தாமரை. மூடியை அவன் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த போத்தலின் நாளிதழைப் பிரிக்கத் தொடங்கினாள்.